ஆஃப் கிளட்ச் வாத்தியார் சிங்கம் பார்க்கப் போன கதை

முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. கடைக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தால் போதும், காலடியில் ஒரு மிதி. டி.வி.யில் காரைக் கார் துரத்தினால் ஒரு மிதி. லிஃப்ட் கீழே இறங்கினால் ஒரு மிதி. தூக்கத்திலும் விடுவதில்லை. கனவில் எந்த லாரி எதிரே வருகிறதோ, மனைவியின் கெண்டைக்கால் கன்றிப்போய்க் கிடக்கிறது. "கால வெச்சுட்டு சும்மா தூங்கவே தெரியாதாங்க உங்களுக்கு?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது நடுவில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு படுக்கிறாள் அந்தப் புண்ணியவதி.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவர். கார் கற்றுக்கொள்ள வருகிறவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பிக் காலம் தள்ளுகிறவர். மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பச் சொல்லித் தரும்போது, கிளட்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடிக்கச் சொல்லி, "ஆஃப் கிளட்ச்... ஆஃப் கிளட்ச்லயே நில்லு... விட்டுடாத கண்ணு" என்று தாலாட்டுப் பாடுவது மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் ஆஃப் கிளட்ச் வாத்தியார். அந்தப் பொறுமை இருக்கிறதே, அபாரம்! விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் இடித்தவனிடம் கூட, "பரவால்ல தம்பி, கம்பம் அங்கயேதான் இருக்கும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார்.

ஆனால் பெண்டாட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அந்தப் பொறுமை எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. தெருமுனை திரும்புவதற்குள் கை ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். அடுத்த முனையில், "எறங்கு, நான் எடுக்கறேன்." அவள் இறங்குவாள், காரைச் சுற்றி வருவாள், இந்தப் பக்கம் உட்காருவாள். இப்படியே சுற்றிச் சுற்றி, காரைச் சுற்றி நடப்பதில்தான் தேர்ச்சி பெற்றாள். கடைசியில் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல், இரண்டு தெரு தள்ளி இருக்கும் போட்டி டிரைவிங் ஸ்கூலில், ஒரு பெண் வாத்தியாரிடம் பணம் கட்டிக் கற்றுக்கொண்டு லைசென்ஸோடு வந்து நின்றாள். வாத்தியார் அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போயும் போயும் அங்கயா?" என்றவர், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சண்டை அதோடு முடிந்திருக்கும். இடையில் தெருமுனை பேக்கரிக்காரர் வந்து சேர்ந்தார். ரொட்டியைக் கடை கடையாகக் கொண்டு போடுவதற்கு அவருக்கு வேன் ஓட்ட ஆள் வேண்டும். அவளைக் கேட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒருவர் அவளை வேலைக்குக் கூப்பிடுகிறார்! ஆனால் அந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "உங்க வீட்டுக்காரர்தான் ஊருக்கே டிரைவிங் சொல்லித் தர்றவராச்சே. அவர் ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும், நாளைக்கே சாவி குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போயும் போயும் அந்த வார்த்தைக்கு இவரிடம் கையேந்த வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாத்தியாரோ, "பாப்போம்" என்றார். எப்போது கேட்டாலும் பாப்போம். "ஞாயித்துக்கெழம பாப்பாவக் கூட்டிட்டு சஃபாரி பார்க் போறோம்ல, நீயே ஓட்டு. அப்புறம் சொல்றேன்" என்றார். பத்து வயது மகளுக்குச் சிங்கம், அம்மாவுக்குப் பரீட்சை.

வழி முழுக்க அவர் வாய் ஓயவில்லை. "கண்ணாடி பாரு. முன்னாடி பாரு. ஏன் கண்ணாடியவே பாக்கற?" வீட்டுக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. ஆனாலும் மிதிக்கிற மிதியில் காலடி விரிப்பு சுருண்டு டேஷ்போர்டுக்கு அடியில் போய்விட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பின் இருக்கையில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

பார்க் வாசலில் காவலாளி ஒவ்வொரு காராக நிறுத்திச் சொன்னார்: "கண்ணாடிய எறக்கக் கூடாது. ஆரன் அடிக்கக் கூடாது. என்ன ஆனாலும் சரி, கதவத் தொறக்கவே கூடாது. மிருகம் பக்கத்துல வந்தா எஞ்சின ஆஃப் பண்ணிடுங்க." மற்றவர்கள் சிங்கம் எத்தனை, புலி இருக்கிறதா என்று கேட்டார்கள். வாத்தியார் கேட்டார், "உள்ள ஏத்தம் எங்கெங்க வரும்?"

உள்ளே போனதும் மகள் குதியோ குதி என்று குதித்தாள். "அப்பா, ஒட்டகச்சிவிங்கி! மேல பாருங்கப்பா!" அவர் மேலே பார்த்தால்தானே. "கால் நாலும் ரோட்டுலதான் இருக்கு. செகண்ட் கியர் போடு" என்றார் மனைவியிடம். காண்டாமிருகம் வந்தது, "இடது பக்கம் எடமில்ல" என்றார். மான் கூட்டம் வந்தது; "ஒண்ணு வந்தா பின்னாடியே இன்னொண்ணு வரும், வேகத்தக் கொற" என்றார். டிக்கெட் வாங்கி உள்ளே வந்த மனிதர் ஒரு மிருகத்தையும் மிருகமாகப் பார்க்கவில்லை. இவரைக் கட்டிக்கொண்டு எத்தனை வருஷம் மாரடித்திருக்கிறேன் என்று அவள் மனதுக்குள் நொந்துகொண்டாள்.

சிங்கப் பகுதியில் சாலை மேடேறியது. நல்ல ஏற்றம். பாதி ஏறும்போது புதரிலிருந்து ஒரு பெண் சிங்கம் சாவகாசமாக வந்து, காருக்கு நேர் முன்னால் நடுரோட்டில் படுத்துக்கொண்டது. அவள் நிறுத்தினாள், ஹேண்ட் பிரேக் போட்டாள், எஞ்சினை அணைத்தாள். பின்னால் ஒரு வெள்ளை வேன் முட்டுகிற மாதிரி வந்து நின்றது. கிளப்பும்போது ஒரு சாண் பின்னால் உருண்டாலும் அதன் முகப்பு நொறுங்கிவிடும்.

வாத்தியார் கழுத்தைத் திருப்பி வேனைப் பார்த்தார். முன்னால் மேட்டைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது.

"எறங்கு, நான் எடுக்கறேன்."

சொல்லிக்கொண்டே அவர் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது.

"அப்பா! சிங்கம்!" என்று அலறினாள் மகள்.

"தடுக்காத பாப்பா, அப்பா எறங்கட்டும்" என்றாள் அவள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் குரலில் வந்துவிட்டது. "எறங்குங்க. தாராளமா எறங்கிச் சுத்தி வாங்க. வர்ற வழியில அதுகிட்டயும் ஆஃப் கிளட்ச் பத்தி ரெண்டு வார்த்த சொல்லிட்டு வாங்க."

அவர் கையை எடுத்தார். ஆனால் மனுஷர் விடுவதாக இல்லை. "அப்ப உள்ளயே மாறிக்கலாம். நீ இப்படி நகரு, நான் அப்படி வர்றேன்" என்று ஒரு காலைத் தூக்கி கியருக்கு அந்தப் பக்கம் போட்டார். கால் போனது. தொப்பை போகவில்லை. சட்டைப் பொத்தான் கியர்த் தலையில் மாட்டிக்கொண்டது. முழங்கை அவள் கன்னத்தில் இடித்தது, அப்படியே ஸ்டியரிங் நடுவில் போய் ஊன்றியது. பாம் என்று காடே அதிர ஆரன் ஒலித்தது.

சிங்கம் தலையைத் தூக்கி, காருக்குள் நடக்கும் கூத்தைப் பார்த்தது. எங்கிருந்தோ காவல் ஜீப்பின் ஒலிபெருக்கி கரகரத்தது. "நீலக் கலர் காரு! ஆரன் அடிக்கக் கூடாதுன்னு சொன்னமா இல்லயா? யாருங்க அது, புதுசா வண்டி ஓட்டறவரா?"

மகள் பின் இருக்கையில் விழுந்து விழுந்து சிரித்தாள். வாத்தியார் பொத்தானை விடுவித்துக்கொண்டு, காலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று மனைவிக்குத் தெரியவில்லை. கன்னம் வலித்தது, கோபம் கோபமாக வந்தது.

"ஊர்ல இருக்கற அத்தன பேருக்கும் பரவால்ல, பரவால்லன்னு சொல்றீங்க. எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள். "இன்னிக்கு எனக்கு நீங்க ஒண்ணும் சொல்லித் தர வேணாம். வாய மூடிட்டு உக்காருங்க, போதும்."

அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

சிங்கத்துக்கு அலுத்துவிட்டது போலும். எழுந்து சோம்பல் முறித்து, புதருக்குள் போய் மறைந்தது. அவள் எஞ்சினைக் கிளப்பினாள். உள்ளங்கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கிளட்சை மெல்ல மெல்ல விட்டாள். கார் லேசாக நடுங்கியது. வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். ஒரு அங்குலம் கூடப் பின்னால் போகாமல் கார் மேடேறியது. வெள்ளை வேன் கண்ணாடியில் சின்னதாகிப் பின்தங்கியது.

அதற்குப் பிறகு வந்த புலியையும் கரடியையும் பார்த்துவிட்டு அவர்கள் வெளியே வந்தார்கள். வாசலுக்கு வெளியே டீக்கடை நிழலில் அவள் காரை நிறுத்தினாள். அவர் இறங்கிப் போய் இரண்டு டீயும் மகளுக்கு பிஸ்கட்டும் வாங்கிவந்து ஜன்னல் வழியே நீட்டினார். குடித்து முடித்து கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், தன் பக்கக் கதவுக்குப் போகவில்லை. காரின் முன்பக்கமாகச் சுற்றி, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு வந்து நின்றார்.

அவளுக்குத் திக்கென்றது. இவ்வளவுக்கும் பிறகுமா? ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை இறங்குவதாக இல்லை.

"பேக்கரிக்காரருக்கு என்னங்க சொல்றது?" என்று கேட்டாள், முன்னால் பார்த்தபடியே.

அவர் பின் கதவைத் திறந்து, "கொஞ்சம் தள்ளி உக்காரு பாப்பா, இனிமே அம்மாவே ஓட்டட்டும்" என்று மகளை நகர்த்திவிட்டு, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.