பிரான்சு மாமாவின் முயல் பெட்டி

நேற்று மருத்துவர் என் மகனின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "காலையில என்ன சாப்புடுறான்?" என்று கேட்டார். பால் ஊற்றிச் சாப்பிடும் சாக்லேட் சீரியலைப் பற்றிச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். "அது மிட்டாய் மாதிரிங்க" என்றார். பையனுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் முழுவதும் ஒரு குரங்கின் சிரிப்பு. பின்பக்கத்துப் பொடி எழுத்தில், தானியத்துக்கு அடுத்தபடியே சர்க்கரை. இந்தக் கவலைக்கு நடுவிலும் சிரிப்பு வருகிறது என்றால், அதற்குக் காரணம் எங்கள் பிரான்சு மாமா.

அம்மாவின் அண்ணன் அவர். முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் பலரைப் போல அவரும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். விடுமுறைக்குக் கோவில்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோப்பு, செண்டு என்று கொண்டுவருவார். ஒருமுறை ஓர் அட்டைப் பெட்டியும் வந்தது. அதன் மேல் கண்ணாடி போட்ட முயல் ஒன்று பால் கிண்ணத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சாக்லேட் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள்.

"அங்க புள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடே இதான். விட்டமின்லாம் இருக்கு" என்றார் மாமா. பெட்டியில் இருந்ததெல்லாம் பிரெஞ்சு எழுத்து. அவர் சொன்னதுதான் எங்களுக்கு வேதம்.

பிரான்சிலிருந்து எது வந்தாலும் தெருவுக்கும் பங்கு உண்டு. அம்மா பக்கத்து வீடு, எதிர் வீடு என்று உருண்டைகளைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்பினார். பெட்டி இளைக்க இளைக்க எனக்கு வயிறு எரிந்தது. படத்தில் இருப்பதுபோல உருண்டைகள் மிதக்க மிதக்கக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும். எனக்கு அது போதும். அழுது அடம்பிடித்ததில் கடைசியாக ஒரு கிண்ணத்துக்கு மட்டும் மிஞ்சியது.

மறுநாள் காலை அம்மா பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி, அப்படியே ஊற்றினார். காய்ச்சாத பாலை எங்கள் வீட்டில் யார் குடித்தார்கள்? உருண்டைகள் ஒரு கணம் மிதந்தன. பிறகு ஊறி, உடைந்து, கரைந்து, பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஆகிவிட்டன.

அலுவலகத்துக்குக் கிளம்பிய அப்பா எட்டிப் பார்த்தார். "அட, கேவுருக் கூழு! இதுக்கா கப்பல் ஏறி வரணும்?"

நான் ஓவென்று அழுதேன்.

"ஆற வச்சு ஊத்தணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்று அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

அங்கே மாமாவுக்கு வாய் நிறைய சோறு. வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அவர் அடுக்களைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய சோற்றில் மோர் ஊற்றி, காரைக்கால்மேட்டிலிருந்து வரும் கருவாட்டைச் சுட்டுத் தரச் சொல்லிச் சாப்பிடுவார். விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மாமா, நீங்க இதுல ஒரு உருண்டைகூட சாப்புடலையே?"

"ஒனக்குன்னுதானே வாங்கியாந்தேன் கண்ணு? நீ சாப்புடு" என்றபடி அவர் அடுத்த கருவாட்டை எடுத்தார்.

என் அழுகை நின்றுவிட்டது. கூழை அடிவரை வழித்துக் குடித்தேன். அந்த ஞாயிறு மாதா கோயிலில் மாமாவுக்காக மனமுருக வேண்டிக்கொண்டேன். நல்லதையெல்லாம் எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பாவம், பழைய சோற்றைத் தின்னும் அந்தத் தியாகிக்கு, ஒரு முயல் பெட்டியாவது முழுசாகக் கிடைக்கட்டும் என்று.