அத்தைக்கு ஏற்றிய மருந்து

அன்று சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் லீவு. நான் அடுப்படியில் இருந்தேன். என் மாமியார் கூடத்தில் டிவி பார்த்தபடி மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். வேர்க்கடலை ஓடுகளையெல்லாம் முறத்தில் சேர்த்துவிட்டுப் பருப்பைத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா அத்தை, பருப்பக் கீழ போட்றீங்க?" என்றேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வலது கை மடியில் விழுந்து அப்படியே கிடந்தது.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். என் கணவர் வளைகுடா நாட்டில் கிரேன் ஓட்டுகிறார். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. எனக்கும் அத்தைக்கும் பெரிய சண்டை எதுவும் இருந்ததில்லை. பெரிய ஒட்டுதலும் இருந்ததில்லை. ஒரே வீட்டில் தேவைக்குப் பேசி வாழ்ந்துகொண்டிருந்தோம்.

எதிர்வீட்டுக்காரர் தன் ஆட்டோவில் எங்களைச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் அத்தையின் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உடனே 108-க்குச் சொன்னார். "ஸ்ட்ரோக்குமா. பாண்டிக்குப் போய்டுங்க. எப்ப ஆரம்பிச்சுதுன்னு அங்க மொதல்ல கேப்பாங்க, மறந்துடாதீங்க" என்றார். திண்டிவனத்தில் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் ஊர்ந்தபோது அந்த நேரத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். அதைக் கரைக்க ஊசி போட்டார்கள். நான் சுவரோரம் உட்காரப் போனேன். ஒரு பெண் டாக்டர் வந்து என்னைத் தனியாக அழைத்தார்.

"வழக்கமா குடுக்கற ஊசி போட்டாச்சு. அதோட சேத்து, ரத்தம் கெடைக்காத எடத்துல மூளை செத்துப்போகாம காப்பாத்த ஒரு புது மருந்த சோதிச்சுப் பார்க்கறோம். நோயாளிங்களுக்குக் குடுக்க இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்."

"அதப் போட்டா சரியாய்டுமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இது பாதுகாப்பானதான்னு பார்க்கறதுதான் இப்ப முக்கியம். கெடுதலும் வரலாம். சிலருக்கு மருந்து ஏத்துவோம், சிலருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"வேணான்னு சொன்னா?"

"மத்த வைத்தியம் எதுவும் கொறையாது. ஏத்த ஆரம்பிச்ச பெறகு வேணாம்னாலும் நிறுத்திடுவோம். ஆனா யோசிக்க நெறைய நேரம் இல்ல."

சரியாகிவிடும் என்று அவர் ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கணவரின் போன் அடித்து அடித்து நின்றது. அவலூர்பேட்டையில் இருக்கும் அவருடைய அக்காவைக் கூப்பிட்டேன். நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். ஆம்புலன்சிலிருந்தே நான் செய்தி சொல்லியிருந்ததால் அவர் அப்போதுதான் பஸ் ஏறியிருந்தார்.

"எங்கம்மாவ வெச்சா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்?" என்று அண்ணி கத்தினார். "வேற யாரும் கெடைக்கலியா அவங்களுக்கு? நான் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போட்றாத."

அவர் வந்து சேர்வதற்குள் மருந்துக்கான நேரம் தாண்டிவிடும். கையெழுத்துப் போட்டு அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், மாமியாரைக் கொன்றவள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். போடாமல் அவர் பேச்சற்றுக் கிடந்துவிட்டால் அதற்கும் நான்தான் காரணம். 

"அவங்களையே கேளுங்களேன்" என்றேன். "பேச்சுதான் வரல. நாம பேசறது புரியுதுன்னுதான் நெனைக்கிறேன்."

டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். அத்தைக்கு எல்லாவற்றையும் மெதுவாகத் திரும்பச் சொன்னார். பிறகு, "இது பஸ் ஸ்டாண்டாம்மா?" என்று கேட்டார். அத்தை அவரை முறைத்துவிட்டு இல்லையென்று தலையசைத்தார். "இவங்க உங்க பொண்ணா?" மறுபடியும் இல்லை. "மருமகளா?" ஆமாம். "இந்த மருந்து நிச்சயம் உங்களக் குணமாக்கும்னு நான் சொன்னேனா?" அத்தை கொஞ்சம் யோசித்து, இல்லையென்றார். "ஏத்தலாமா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றும் காட்டவில்லை, வேண்டாம் என்றும் காட்டவில்லை. பிறகு அவர் டாக்டர் பக்கம் திரும்பி, தெளிவாக ஆமாம் என்று தலையசைத்தார். இடது கட்டைவிரலால் ரேகை வைத்தார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள். அதில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பாட்டிலில் இருந்து சொட்டு இறங்க ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறங்கியிருக்கும், திடீரென்று அத்தைக்குக் குளிர் எடுத்து உடம்பு உதறியது. பக்கத்திலிருந்த மிஷின் கத்தியது. பிரஷர் இறங்குகிறது என்று நர்ஸ் சொன்னார். டாக்டர் ஓடிவந்து சொட்டை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தார்.

"ஒன்ன யாரு கையெழுத்து போடச் சொன்னது?" என்று கேட்டார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எங்கம்மாக்கு ஏதாவது ஆவட்டும், அப்ப பேசிக்கறேன் ஒன்கிட்ட."

 அத்தையே சரியென்றார் என்று நான் சொன்னாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். கட்டிலின் இரண்டு பக்கமும் இருவரும் நின்று, மிஷினில் ஏறி இறங்கும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாயும்போது பிரஷர் ஒரு நிலைக்கு வந்தது. மருந்தை மறுபடி ஏற்றப்போவதில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் காலை அத்தை பேசினார். "சாவி" என்றார். எந்தச் சாவி என்று புரியாமல் நானும் அண்ணியும் விழித்தோம். அவர் தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். தண்ணீர் வேண்டுமாம். வார்த்தைகள் இடம் மாறி வந்தன. சில வாரங்களில் பெரும்பாலானவை திரும்பின. வலது காலை மட்டும் இன்றும் இழுத்துத்தான் நடக்கிறார்.

பாட்டிலில் இருந்தது மருந்தா உப்புத்தண்ணியா என்று எங்களுக்குத் தெரியாது. குளிர் எடுத்தது அதனாலா, பேச்சு வந்தது அதனாலா, அதுவும் தெரியாது. சோதனை முடியும்வரை சொல்ல மாட்டார்களாம். எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்.  அந்த நம்பரைப் பார்த்தாலே ஏதோ தவறு நடந்துவிட்டது என்று சொல்லப்போகிறார்கள் என்றே தோன்றும்.

என் கணவர் லீவில் வந்தபோது அண்ணியும் வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தம்பியிடம் ஆரம்பித்தார். "ஒம் பொண்டாட்டி யாரயும் கேக்காம அம்மாவ டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டா, தெரியுமா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை எடுக்கக் குனிந்தேன்.

"அவ... இல்ல" என்றார் அத்தை. எல்லோரும் திரும்பினோம். அடுத்த வார்த்தைக்காக அவர் உதடுகள் அலைந்தன. "நாந்தான்... சரின்னேன். என்ன... கேட்டாங்க. அவள... இன்னாத்துக்குச் சொல்ற?"

"ஒனக்கு அப்ப இன்னாமா புரிஞ்சிருக்கும்?" என்றார் அண்ணி.

"எல்லாம்" என்றார் அத்தை.

 அவ்வளவு பேசியதே அத்தைக்குக் களைப்பாகிவிட்டது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய், மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தேன்.