தண்ணி குடிக்கிற கேசட்

ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவதுதான் எங்கள் தொழில். வீட்டில் நான் சோறு கேட்டால் அடுப்படி வரைக்கும்கூடக் கேட்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு மைக்செட் கடையில் விளம்பரம் சொல்லுகிறவனாக இருந்தேன். ஆட்டோவுக்கு மேலே கூம்பு ஸ்பீக்கர், உள்ளே நான். தன் குரலையே டேப்பில் கேட்டு 'இது நானா?' என்று முகம் சுளித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

செய்தி வாசித்தது

என் குரல் எனக்குப் பிடிக்காது. வாக்கியம் முடிவதற்குள் காற்றுப் போய்விடும். போதாததற்கு, தாத்தாவிடம் கதை கேட்டே வளர்ந்ததில், எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு 'பொறவு' வந்து உட்காரும். அதனால் ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போலக் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகினேன்.

அந்தக் குரலில் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியைச் சொல்லிக்கொண்டு மில் வாசலுக்குப் போனோம். ஷிப்ட் விட்டு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஆட்டோவுக்குள் தலையை நீட்டி மெதுவாகக் கேட்டார்: "தம்பி, எந்தத் தலைவரு போயிட்டாரு? நாளைக்கு மில்லு லீவா?"

கெடு

விஷயம் முதலாளி அண்ணாச்சி காதுக்குப் போனது. அவர் கோபப்படுகிறவர் இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆளை வேலையை விட்டு அனுப்புகிறவர். அன்றும் மடித்தார். "கேசட்டுல பேசித் தா. ஆடிப்பூரம் வரைக்கும் பாக்கேன். எடுபடலன்னா மதுரையில நல்ல கொரலா ஒரு ஆள் இருக்கான். நீ வேற சோலி பாத்துக்கோ."

தண்ணீர்

கடையின் பின்னறையில் ஜன்னலை அடைத்து, போர்வையைத் தொங்கவிட்டுப் பேசினேன். மில் சங்கு ஊதியது, அழித்தேன். 'பொறவு' வந்தது, அழித்தேன். ஒரு கேசட்டில் தொண்டை அடைத்து இருமி, யாரோ எதிரில் இருப்பதுபோல, "செத்த இருங்க, தண்ணி குடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லி, மடக்மடக்கென்று குடித்து, "பொறவு, சேலைக்கு வாரேன்" என்று தொடர்ந்திருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, பிசிறே இல்லாமல் இன்னொன்று பதிந்தேன்.

ஆட்டோ ஓட்டும் முருகேசன் எடுத்துப்போனது ஓரமாக வைத்ததை. எப்படி எடுபடுகிறது என்று பார்க்கச் சைக்கிளில் பின்னாலேயே போன நான், தெருவில் இருமல் கேட்டதும் ஆட்டோவைப் பிடிக்க எட்டி மிதித்தேன். ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மா செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். முருகேசன் வாங்கி நிதானமாகக் குடித்தான். அந்த அம்மா கத்தினார்: "ஏலே, உள்ள அந்தப் பிள்ளை தொண்ட கட்டிக் கெடக்கான், நீ குடிக்கியே!"

மறுநாள் ஜவுளிக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, நல்ல கேசட்டை நீட்டினேன். அவர் கை நீட்டவே இல்லை. "இது கெடக்கட்டும்யா. வாரவளெல்லாம் 'சேலைக்கு வந்தாச்சா'ன்னு சிரிச்சுக்கிட்டே வாராளுவ. தண்ணி குடிக்கிறதையே போடு."

பேர் சொல்லாத அம்மா

அண்ணாச்சி வைத்த கெடு மட்டும் அப்படியே இருந்தது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்; அன்று கூட்டத்தில் காணாமல் போனவர்களைக் கூப்பிடும் மைக் எங்கள் பொறுப்பு. அதற்குக் கேசட் உதவாது. அண்ணாச்சி மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

புதுப்பட்டி அம்மா ஒருவர் வீட்டுக்காரரைத் தேடி வந்தார். பேர் கேட்டால், "அவிய பேர நான் எப்பிடிச் சொல்ல?" என்றார். செய்தி வாசிக்கிற குரலுக்கு இதற்கு வழி தெரியாது. காலையிலிருந்து நடந்ததை அவரிடம் கேட்டுக்கொண்டு, தாத்தா வழியில்தான் போனேன்: "புதுப்பட்டியில ஒருத்தர். காலையில பழைய சோறு வேண்டாம்னுட்டாரு. பொறவு, செருப்ப வீட்டம்மா கையில குடுத்துட்டு வடம் புடிக்கப் போனாரு. பொறவு, அந்தம்மா செருப்போட நிக்கா, ஆளக் காணும்..." குரல் கம்மியது, கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. ஒருவழியாகக் கதையை முடித்தேன்.

எங்கள் மைக் பந்தலுக்குப் பின்னாலிருந்து, வெறுங்காலோடு ஒருவர் எழுந்து வந்தார். "நான் அப்பமே வந்துட்டேன் தம்பி. நம்ம கததானே, எப்பிடி முடிக்கான்னு பாப்பமேன்னு உக்காந்துட்டேன்."

அண்ணாச்சி வெற்றிலையை மடிக்காமல் கீழே வைத்தார். "மதுரைக்காரன் வேண்டாம். நீ அந்தப் 'பொறவ' மட்டும் விட்டுராத."

பிசிறில்லாத அந்த நல்ல கேசட் இன்றைக்கும் பிசிறில்லாமலே இருக்கிறது, அதை ஒருவரும் போட்டுக் கேட்கவில்லை என்பதால்.