ஓட்டப்போட்டிக்கு இடம் பார்த்த நாள்: கரடியனாறு, கிரான், எங்கள் கடற்கரை

போர் முடிந்ததற்கு அடுத்த வருடம், ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை இந்தப் பயணம் போனேன். மட்டக்களப்பில் ஒரே நாளில் காடு, வயல், கடல் மூன்றையும் பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் நகரத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். கொழும்பிலிருந்து செல்வி மிஸ்ஸும், யோஹான் என்ற வெளிநாட்டு வரைபடக்காரரும் அங்கே வரைபடங்களைக் கொப்பி எடுக்க வந்தார்கள். வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத நிலத்தில் வழி கண்டுபிடித்து ஓடும் போட்டி ஒன்று இருக்கிறதாம். பல நாட்டு ஆட்கள் ஓடும் பெரிய போட்டியை எங்கள் பக்கம் நடத்தலாமா என்று இடம் பார்க்க வந்திருந்தார்கள். மிஸ் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். வான் ஓட்டுவது என் பெரியம்மாவின் மகன் ரவி அண்ணா என்பதால் வீட்டில் விட்டார்கள்.

அவர்கள் பார்க்க இருந்த மூன்றாவது இடம் எங்கள் பழைய கடற்கரை. சுனாமியில் இறந்தவர்களை அங்கே மணல்மேட்டில் ஒன்றாகப் புதைத்தார்கள். என் அம்மாவும் அங்கேதான். கல்லும் இல்லை, பலகையும் இல்லை. இதை மிஸ்ஸிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். புது ஆட்களோடு பேச எனக்கு வாய் வராது. சொல்லாமலே வானில் ஏறினேன்.

காலை 5.45க்குப் புறப்பட்டோம். செங்கலடிச் சந்தி 16 கிலோமீட்டர், 6.20க்கு வந்துவிட்டது. சந்தைப் பக்கக் கடையில் இடியப்பமும் சொதியும் ஆளுக்கு அறுபது ரூபாய். சம்பல் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் இல்லை.

அங்கிருந்து பதுளை வீதி. அம்மாவோடு இந்த வீதியால் பஸ்ஸில் போயிருக்கிறேன். யன்னலால் கையை நீட்டிப் பாலைப்பழம் வாங்குவார். அதைத் தின்றால் உதடு இரண்டும் பசையாக ஒட்டிக்கொள்ளும். "இப்பயாவது கொஞ்சம் கதைக்காம இரிப்பாய்" என்று சிரிப்பார். அப்போது நான் ஓயாமல் கதைக்கிற பிள்ளை.

கரடியனாறு தாண்டியதும் பாறையும் பற்றைக்காடும் ஓடைகளுமாக நிலம் மாறியது. யோஹான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். ஏற்றமும் இறக்கமும் மறைவுகளும் உள்ள இப்படியான நிலம்தான் இந்தப் போட்டிக்கு நல்லதாம். ஆனால் வீதியோரம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை. ஒரு மணி நேரம் தாரில் நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

கிரானுக்கு 10.30க்கு வந்தோம். சிறுபோகம் அறுவடை முடிந்த வயல்வெளி, கண்ணுக்கு எட்டும் வரை அறுத்த தாள் நிற்கும் ஒட்டடி வயல். யோஹான் திசைகாட்டியோடு வரம்பில் ஓடிப் பார்த்தார். மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒருவர் ரவி அண்ணாவிடம் கேட்டார்.

"என்ன தம்பி, இந்த வெள்ளைக்காரர் என்னத்தத் துலைச்சுப் போட்டார்?"

"துலைக்கல்ல. காட்டுக்குள்ள பேப்பரப் பாத்து வழி கண்டுபிடிச்சு ஓடினாப் பரிசு குடுக்கிற போட்டியாம்."

"அப்ப எங்கட சனத்துக்கெல்லோ குடுக்கணும். பேப்பரும் இல்லாம எத்தின காடு ஓடியிரிக்கம்."

மிஸ் இதை மொழிபெயர்க்கவில்லை. இடம் மிகவும் தட்டை என்று யோஹான் எழுதிக்கொண்டார். அந்த மனிதர் போகும்போது பக்கத்திலிருந்த தன் மாட்டுப் பட்டியிலிருந்து எங்களுக்கு இரண்டு சட்டி தயிர் தந்தார். காசு வாங்கவில்லை.

நகரத்துக்குத் திரும்பி, கல்லடிப் பாலம் கடந்து, ஆரையம்பதிக்கு மூன்று மணிக்கு வந்தோம். அதற்கு அப்பால் கடல் பக்கம் மணல் பாதை, வான் புதையும். கடைசி ஒரு கிலோமீட்டர் நடை. சவுக்கு, பனை, மேடு பள்ளமான மணல், இடையிடையே வீடுகளின் அத்திவாரங்கள். எங்கள் வீட்டுக் குசினித் தரையில் இப்போது அடம்பன் கொடி படர்ந்திருக்கிறது.

பழைய கிணற்றடிக்கு வந்ததும் ரவி அண்ணாவும் நானும் செருப்பைக் கழற்றினோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். சைக்கிளில் வந்தாலும் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். யோஹான் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

"மணல் நல்லா இருக்காம், வெறுங்காலோடயே ஓடலாமாம்" என்றார் மிஸ்.

நான் ரவி அண்ணாவைப் பார்த்தேன். "சொல்லுவமா அண்ணா?"

"பேசாம இரிகா. போட்டி வந்தா றோட்டு வரும். வானுக்கு ஓட்டம் வரும். ஆறு வருசமா இஞ்ச ஆர் எட்டிப் பாத்த?"

அவர் சொன்னதும் பொய் இல்லை. யோஹான் மேட்டில் ஏறி, போட்டிக்காரர்கள் முதலில் வந்து தொட வேண்டிய இடம் இதுதான் என்று செம்மஞ்சளும் வெள்ளையுமான சின்னக் கொடியைக் குத்தினார்.

"மிஸ், அதுக்குக் கீழ ஆக்கள் இரிக்காங்க."

என் குரல்தான். மிஸ் யார் என்று கேட்டார். "கடல் வந்த அண்டைக்குச் செத்த ஆக்கள். எங்கட அம்மாவும்."

மிஸ் மெதுவாக மொழிபெயர்த்தார். யோஹான் கொடியைப் பிடுங்கினார். தன் காலடித் தடங்களிலேயே திரும்பக் கால் வைத்து இறங்கி வந்து, சப்பாத்தைக் கழற்றினார். பிறகு ஒன்றுதான் கேட்டார்: எங்கிருந்து எதுவரை?

எனக்குத் தெரியாது. நான் எப்போதும் கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ரவி அண்ணா மொட்டைப் பனையடிக்குப் போய், அங்கிருந்து அடி எண்ணி நடக்கத் தொடங்கினார். ஒரு மூலையில் நின்று திரும்பினார், மறுபடி நடந்தார். யோஹான் பின்னாலேயே போய்க் குறித்தார். எப்படித் தெரியும் என்று மிஸ் கேட்டார்.

"அண்டைக்கு ஆக்கள ட்ரக்டர்ல கொண்டு வந்த நாந்தானே."

மூன்றாவது மூலையில் நின்று என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வா புள்ள. சின்னம்மா இந்த மூலையில. நாந்தான் இறக்கி வெச்ச."

"ஏன் அண்ணா இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லையே. கேட்டாச் சொல்லணுமே எண்டு பயந்துக்கிட்டு இரிந்தன்."

மிஸ்ஸும் யோஹானும் கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஐந்தரை மணி வரை அங்கே உட்கார்ந்திருந்தோம்.

போக விரும்புபவர்களுக்கு: ஆனி முதல் புரட்டாதி வரை நல்லது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுச் சுடும், ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர் வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு கிரான் பக்கம் வெள்ளம். கரடியனாற்றுக்கு அப்பால் பலகைகள் நிற்கும் வரை தார் வீதியை விட்டு இறங்காதீர்கள். மணல்மேடுகளில் ஏறுமுன் அங்கே நிற்கும் ஒருவரிடம் கேளுங்கள், அவர் தானாகச் சொல்லமாட்டார்.

போட்டி எங்கள் பக்கம் வருமா என்று இன்னும் தெரியாது. மூன்று மாதம் கழித்து மிஸ் வரைபடத்தை அனுப்பியிருந்தார். மேட்டின் மேல் ஊதாக் கோடுகள் குறுக்கும் மறுக்குமாக இருந்தன. ஓடுகிறவர் அதற்குள் கால் வைத்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களாம். ரவி அண்ணா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கிழக்கால பத்தடி குறையுது. அங்க நாலு புள்ளைகள் இரிக்கு. மிஸ்ஸுக்குச் சொல்லு."

போன் எடுத்து நானே சொன்னேன்.