செஷன் போனதா, சேஷன் போனானா?

கம்ப்யூட்டர் சாவுச் செய்தியும் சொல்லும் என்று நம்பிய ஆள் நான்.

தாம்பரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில், பெருங்களத்தூர் நண்பன் சேஷனுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் டீ குடிக்கப் போய்த் திரும்பினால், திரையில் ஆங்கிலத்தில், "யுவர் செஷன் ஹாஸ் எக்ஸ்பைர்டு." கண்ணாடி எடுத்து வராததால் எனக்கு அது சேஷனாகத் தெரிந்தது. எக்ஸ்பைர்டு என்றால் நம் ஊரில் வேறென்ன அர்த்தம்? கலங்கிப்போய் மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவன் சேஷன்.

"மாலை யாருக்குடா?"

"உனக்குத்தான் மச்சான். நீ எக்ஸ்பைர் ஆயிட்டேன்னு கம்ப்யூட்டர்ல போட்டிருந்துச்சுடா!"

"பாவி, அது செஷன்டா! சரி, வந்தது வந்துட்ட, காபி குடிச்சிட்டு அழு."

இப்போதெல்லாம் மெயிலை அனுப்பிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அன்று நடந்தது இவ்வளவுதான்: ரொம்ப நேரம் தொடாமல் விட்டதால் மெயில் தானாக மூடிக்கொண்டது. மறுபடி பாஸ்வேர்டு போட்டிருந்தால் திறந்திருக்கும்.