செங்கல்லில் ஐந்து விரல்

என் அக்கா பத்து வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். அந்தத் தொண்டைக்காகவே பழைய கோட்டையைச் சுற்றிக்காட்டும் வேலை கிடைத்தது. ராஜா, போர், பீரங்கி என்று ஆரம்பித்தால் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்.

ஒருநாள் பார்வையற்றவர்கள் பதினாலு பேர் வந்தார்கள். "இதோ பாருங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சுவரில் வைத்தாள்.

அவர்களில் ஒரு டீச்சரம்மா ஓரிடத்தில் நின்றுவிட்டார். "செங்கல் ஈரமா இருந்தப்போ யாரோ இங்க கை வச்சிருக்காங்கம்மா. பொம்பளைக் கை மாதிரி இருக்கு."

ஒன்பது வருஷமாக அக்கா முதுகு சாய்த்து நிற்கும் சுவர் அது. தன் விரல்களை அந்தக் குழிகளில் வைத்துப் பார்த்தாள். ஐந்தும் அப்படியே பொருந்தின. "முந்நூறு வருஷமாச்சே" என்றாள். அவளுக்கே கேட்காத குரல். உடம்பு சிலிர்த்ததை வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போதெல்லாம் அந்தச் சுவரில்தான் தொடங்குகிறாள். "முதல்ல கையை வைங்க. பேர் தெரியாத ஒருத்தங்க இங்க இருக்காங்க. ராஜா கொஞ்சம் காத்திருக்கட்டும்." வருகிறவர்கள் வரிசையில் நின்று கை வைக்கிறார்கள்.