ஜெர்மன் காருக்குள் வைத்த தீக்குச்சி

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கோவில்பட்டியில் ஒரு ஜெர்மன் காரின் பானெட்டை முதலில் திறந்த கை இந்தக் கைதான். இல்லை என்று சொல்ல ஒருவரும் இன்றுவரை வரவில்லை. கயத்தாறு ரோட்டில் லாரிக்கு அடியில் படுத்துத் தொழில் படித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு தகர ஷெட் போட்டேன். லாரி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். டிரைவர் இறங்கி வாயைத் திறப்பதற்குள் ஸ்பேனர் என் கையில் இருக்கும்.

காரின் பெயரை எழுத வேண்டியதில்லை. மூக்கு நுனியில் நட்சத்திரம் வைத்த கார் என்றால் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய ஒரு முதலாளி அதை மெட்ராசில் ஏலத்தில் எடுத்து வந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். டீசல் கார். டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருந்தது. அதை இழுத்துப் பிடித்தால் சின்னக் கம்பிச் சுருள் ஒன்று சிவந்து வரும். இன்னும் இழுத்தால் இன்ஜின் பிடிக்கும். நிறுத்தவும் அதே குமிழ்தான். லாரியில் கை பழகியவனுக்கு இது என்ன பெரிய வித்தை? பத்து வருஷம் அந்தக் காரை நான் ஒருவனே பார்த்தேன். வேறு யாரும் தொட்டதில்லை.

எண்பதுகளில் முதலாளி அதைக் கொடுத்துவிட்டு அதே கம்பெனியின் புது மாடல் ஒன்றை வாங்கினார். அதுவும் பழைய வண்டிதான், ஆனால் எங்களுக்குப் புதுசு. வட்ட விளக்குகள் போய் நீளச் சதுரமாக வந்திருந்தன. முன் கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். வெற்றிலை போடும் முதலாளிக்கு அதில் பெரிய வருத்தம். எச்சில் துப்ப அந்தச் சந்துதான் அவருக்கு வாகாக இருந்தது. பின்கண்ணாடிக்குக் கீழே மருந்துப் பெட்டி வைக்கக் குழி ஒன்று விட்டிருந்தார்கள். அதில் முதலாளியம்மா கடம்பூர் போளிப் பொட்டலத்தை வைப்பார்கள்.

எனக்குப் பிடித்தது பின்விளக்கு. பழைய காரில் வழுவழுவென்று இருக்கும். இதில் வரிவரியாகப் பள்ளம் விட்டிருந்தார்கள். அழகுக்கு என்றுதான் நினைத்தேன். ஐப்பசி மழையில் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போய்விட்டு வந்த காரைப் பார்த்தபோது விளங்கியது. கரிசல் சேறு காரின் முதுகு முழுக்க அப்பிக் கிடக்க, அந்தப் பள்ளங்கள் மட்டும் சுத்தமாகச் சிவப்புக் காட்டின. எங்கள் மண்ணைப் பார்த்திராத ஒருவன் எங்கோ உட்கார்ந்து எங்கள் மண்ணுக்கு வழி பண்ணியிருக்கிறான். அவன் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஆனால் டீக்கடையில் நான் சொன்னது வேறு. முகத்தைத்தான் மாற்றியிருக்கிறான், உள்ளே அதே ஆள்தான் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே அதே ஆள் இல்லை. டிரைவர் கதவைப் பூட்டினால் நாலு கதவும் டிக்கியும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அதற்குக் கரண்டு கிடையாது. இன்ஜினோடு ஓடும் ஒரு பம்பு காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் மெல்லிய குழாய்கள் வழியே கதவுகளுக்குப் போய்ப் பூட்டை இழுக்கிறது. குமிழும் இதில் இல்லை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்கும். அப்படி நிறுத்துவதும் அதே உறிஞ்சல்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் பின்கதவு ஒன்று பூட்டவில்லை. கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் சவ்வு கிழிந்து காற்று ஒழுகியது, அதனால் மற்ற கதவுகளும் சரியாகப் பூட்டவில்லை. அந்தச் சாமானுக்கு மெட்ராசிலும் வழியில்லை. அந்தக் கதவுக்குப் போகும் குழாயை இன்ஜின் பக்கம் தேடிப்பிடித்து, அடைத்துவிட்டால் மற்ற கதவுகள் வேலை செய்யும் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தது சரிதான், அதில் இன்றும் எனக்குப் பெருமை. எதை வைத்து அடைப்பது? எங்கள் ஊரில் எதற்கும் கைக்கு முதலில் அகப்படுவது தீக்குச்சி. காது குடைவது, பல் குத்துவது, ஆடும் ஸ்க்ரூவுக்கு ஆப்பு வைப்பது எல்லாம் அதுதான். மருந்து முக்காத வெள்ளைக் குச்சி ஒன்றை மெழுகில் தோய்த்துச் செருகினேன். மற்ற கதவுகள் கச்சிதமாகப் பூட்டின.

அதோடு விட்டிருக்கலாம். என்ன செய்தீர் என்று முதலாளி கேட்டார். ஜெர்மன் காருக்குத் தீக்குச்சி வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு சாமான் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வடக்கே இருந்து சரக்கு வாங்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கார் ஆபீசுக்குள் நுழைந்தது. டிரைவர் சாவியைத் திருப்பி உருவினார். இன்ஜின் நிற்கவில்லை. சாவி கையில் இருக்கிறது, வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. பக்கத்திலேயே குச்சிக்கு மருந்து முக்கும் அறை. நெருப்புப் பொறி என்றாலே ஆபீஸ் நடுங்கும். குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வெளியே ஓடினார்கள். டிரைவர் பதறாமல் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சைப் பட்டென்று விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அந்த நேரத்தில் அதைவிடச் சரியாக நானும் செய்திருக்க மாட்டேன்.

ஆனால் வெளியூர்க்காரர்கள் முன்னால் முதலாளிக்கு மானம் போயிற்று. முந்தின நாள்தான் டிரைவர் சேறு போக பம்புசெட்டில் காரைக் கழுவியிருந்தார். முதலாளி எனக்குச் சொல்லியனுப்பினார், இன்ஜினில் தண்ணீர் போனால் இப்படி ஆகுமா என்று கேட்டு. நான் லாரி ஒன்றின் அடியில் கிடந்தேன். எழுந்திருக்கவில்லை, காரைப் போய்ப் பார்க்கவும் இல்லை. ஆகும், ஆகும், தண்ணீர்தான் போயிருக்கும் என்று படுத்தபடியே சொல்லியனுப்பினேன்.

அந்த வார்த்தையில் டிரைவருக்கு வேலை போனது. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

டிரைவர் கடம்பூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மூன்று பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். உள்ளே மெழுகு ஒட்டிய வெள்ளைக் குச்சி.

"இன்ஜினுக்கு அடியில தகட்டுல கெடந்துது அண்ணாச்சி. சூட்டுல காஞ்சு, சுருங்கி விழுந்திருக்கு. குழாய் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. உறிஞ்சலெல்லாம் அது வழியா போயிருது, அதான் வண்டி நிக்கல."

முதலாளியிடம் காட்டினீரா என்று கேட்டேன்.

"இல்ல. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும். நீங்களே சொல்லுங்க." தாளை என் பக்கம் தள்ளினார். "சொல்லாட்டாலும் நான் போயி சொல்ல மாட்டேன். அது ஒங்க மனசு."

வைதிருந்தால் நானும் வைதிருப்பேன். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். இப்படிச் சொல்லிவிட்டு அவர் நடந்து போனதும் எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கை வரவில்லை. மத்தியானம்வரை ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாற்றாத சாமானை மாற்றினேன் என்று சொன்னவன் ஷெட்டில் எந்த ஆபீஸ் லாரி நிற்கும்? இருபது வருஷம் படுத்துச் சம்பாதித்த பேர். சொல்லாவிட்டால் கடம்பூரில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது.

சாயங்காலம் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சாமான் மாற்றவில்லை, குச்சிதான் வைத்தேன், தண்ணீர் என்று சொன்னது பார்க்காமல் சொன்னது, இவர் மேல் தப்பு ஒன்றுமில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

முதலாளி குச்சியை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது யாரு ஆபீசு குச்சிவே?"

"நம்ம ஆபீசுக் குச்சிதான் மொதலாளி."

"வேற ஆபீசுக் குச்சியா இருந்தா ஒம்மைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. இனிமேல் பொய் சொன்னால் காரை மட்டுமில்லை, லாரிகளையும் உம்மிடம் விட மாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார். அது அடி மாதிரி விழுந்தது. பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, காலையில் ஆறு மணிக்குத் தூத்துக்குடி போக வேண்டும், வந்துவிடு என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே லேத்தில் பித்தளையில் ஓர் அடைப்பான் கடைந்து, ரப்பர் உறை போட்டு இறுக்கினேன். இதுதான் வைத்திருக்கிறேன் என்று முதலாளியிடம் காட்டிவிட்டே இறுக்கினேன். அந்தக் கார் இருந்தவரை அது கழலவில்லை. வேலை என்றால் என் வேலை அப்படித்தான்.

இறுக்கும்போது விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற டிரைவரிடம் கேட்டேன், குச்சி கையில் கிடைத்தும் ஏன் நேரே முதலாளியிடம் போகவில்லை என்று.

"போயிருந்தா எனக்கு வேலை கெடச்சிருக்கும். இந்த வண்டிக்கு மெக்கானிக் கெடச்சிருக்க மாட்டாரு."

அவர் இப்போது இல்லை. அதன்பிறகு மூன்று ஷெட் போட்டேன், எத்தனையோ வெளிநாட்டுக் கார் என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. கைராசிக்காரன் என்று ஊர் சொல்கிறது. அந்த ராசியில் பாதி அவர் எனக்கு விட்டுக்கொடுத்தது. மற்ற பாதி என்னுடையதுதான், அதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.